மூன்று முறை கழுவிய கேன்

கோத்தா திங்கி
6 ஜூலை 2025

அன்புள்ள மலர் டீச்சருக்கு,

வணக்கம். கடந்த இரண்டு வாரங்களில் மூன்று முறை உங்களை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. நான்காவது முறை அழைப்பது தொந்தரவாகும் என்று தோன்றியது. தெப்ராவில் உங்கள் அக்கா வீட்டு முகவரி, பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து உறையின் பின்புறத்தில் இருந்தது. அதைப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. யஷ்வினி வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள். மருத்துவமனையில் பதினான்கு நாள். சிறுநீரகத்துக்கு மாதம் ஒரு முறை பரிசோதனை, ஓராண்டு பார்த்த பிறகே எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மற்ற மூன்று பிள்ளைகளும் அது நடந்த மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டார்கள்.

உங்களைப் பள்ளியிலிருந்து எடுத்து, ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் மேசையில் உட்கார வைத்திருப்பதாகத் தலைமையாசிரியர் ராஜசேகரன் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். முப்பத்தாறு ஆண்டு சுகாதாரப் பரிசோதகராக இருந்தவனின் பழக்கம், மன்னிக்கவும். ஜூன் 19, வியாழன். உங்கள் மறுசுழற்சிக் கழகத்தின் குப்பையில்லா நாள். பொட்டலத் தண்ணீரும் பிளாஸ்டிக் குவளையும் வேண்டாம், வீட்டில் இருக்கும் பழைய பாத்திரத்தில் கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தீர்கள். யஷ்வினி ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்றில் சிரப் தண்ணீர் கலந்து கொண்டு வந்தாள். அவள் தந்தை செல்வா தோட்டத்தில் மருந்தடிப்பவர். அது களைக்கொல்லி வந்த கேன். கழுவித்தான் கொண்டு வந்தாள். பத்தே காலுக்கு நான்கு பிள்ளைகள் குடித்தார்கள். பத்து நாற்பதுக்கு முதல் வாந்தி. பதினொன்று ஐந்துக்கு ஆம்புலன்ஸ். மற்றவர்கள் அரைக் குவளையோடு நிறுத்தியிருந்தார்கள். தான் கொண்டு வந்தது என்ற பெருமையில் அவள் மட்டும் மூன்று குவளை குடித்திருந்தாள்.

இதில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம். தற்செயலாக நடந்தது. நீங்கள் மனம் தளரக் கூடாது. என்னால் ஆவது ஏதும் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
விசுவலிங்கம்

*

தெப்ராவ்
13.7.2025

விசுவலிங்கம் ஐயாவுக்கு,

வரிசையாக எழுதியிருந்தீர்கள். நிமிடம்கூடப் போட்டிருந்தீர்கள். ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. அதை நான் எழுதுகிறேன்.

பிப்ரவரி கடைசியில், கழகம் ஆரம்பித்த வாரம், அதில் பாடம் எடுக்கத் தன்னார்வலராக வந்த நீங்கள் ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஓர் அட்டை ஒட்டினீர்கள். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நீல மை. "மூன்று முறை கழுவு. கவிழ்த்து உலர வை. மீண்டும் பயன்படுத்து." முதல் இரண்டு வரிகள் எங்கள் தோட்டத்து மருந்து ஸ்டோர் கதவில் பல வருடமாக இருக்கின்றன. அங்கே மூன்றாவது வரி "துளையிடு." காலிக் கேனில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள். அதற்காகத்தான் அந்த வரி. உங்களுக்கு அது தெரியாதா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வா அண்ணன் என்னை வழிமறித்துக் கேட்டார். "ஸ்டோர்லயும் மூணு தடவ கழுவுன்னுதான் எழுதியிருக்கு, ஸ்கூல்லயும் அதான் எழுதியிருக்குன்னு புள்ள சொன்னா. ஸ்கூல்லயே சொல்லிட்டாங்களேன்னு நானே கழுவிக் குடுத்தேன் டீச்சர். என் கையால." சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவர் மனைவி, என்னோடு வந்திருந்த என் அம்மாவைப் பார்த்துக் காறித் துப்பினாள். என் அம்மா இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள். அந்தத் தோட்டத்திலிருந்து ஆசிரியர் ஆன முதல் ஆள் நான். அது உங்களுக்கும் தெரியும்.

மறுநாள் பத்து மணிக்குக் கல்வித் துறையிலிருந்து விசாரிக்க வந்தார்கள். வகுப்புக்குக் கூட்டிப்போனேன். சுவரில் நான்கு இடத்தில் டேப் ஒட்டிய தடம் இருந்தது. அட்டை இல்லை.

கழகத் திறப்பு நாளில் எடுத்த படத்தைத் தேடிப் பார்த்தேன். ராஜசேகரன் சார் தலைக்குப் பக்கத்தில் "மூன்று முறை" என்பது மட்டும் தெரிகிறது. மிச்சத்தை அவர் தலை மறைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 27 எனக்கு விசாரணை. மாணவருக்கு ஆபத்தான வழிகாட்டலைக் கொடுத்தேன் என்பது குற்றச்சாட்டு. அதை எழுதியது சுகாதாரத் துறையில் இருந்த ஒருவர், அவர் படிப்பை நம்பி நான் அதைச் சுவரில் இருக்க விட்டேன் என்று நிரூபித்தால் வேலை தப்பலாம் என்று ஆசிரியர் சங்கத்தின் வழக்கறிஞர் சொல்கிறார். பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் நான் பேசக் கூடாது என்று உத்தரவு. அதனால் நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரு பக்கம். எழுதியது நான், எடுத்தது நான் என்று. ஆகஸ்ட் 15க்குள் விசாரணைக் குழுவின் கைக்குப் போக வேண்டும்.

தொலைபேசியில் என்னோடு பேச வேண்டாம். பேசினால் நீங்கள் அழுவீர்கள். நான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டி வரும்.

மலர்

*

கோத்தா திங்கி
21 ஜூலை 2025

அன்புள்ள மலர் டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை ஆறு நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தேன். பதிலை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

ஆம். எழுதியது நான்.

ஏன் அப்படி எழுதினேன் என்பதைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். இது நியாயப்படுத்த அல்ல. அந்த அட்டை பால்டின்னுக்கும் ஜாம் பாட்டிலுக்கும் தக்காளிச் சாஸ் புட்டிக்கும் எழுதியது. புத்தகத்தில் இருக்கும் சொற்கள் பிள்ளைகளுக்கு ஒட்டாது, அவர்கள் அன்றாடம் கேட்கும் சொற்களாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர்கள் அப்பாமார் வேலைக்குப் போகும் வாசலில் இருக்கிற வரி அவர்களுக்கு மனப்பாடம். அதையே எடுத்து, ஜாம் பாட்டிலில் துளையிட முடியாது என்பதால், கடைசி வரியை மட்டும் மாற்றினேன். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரே சொற்கள் இரண்டு சுவரில் இருந்தால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அந்தக் கேனின் கைப்பிடி உள்ளே வெற்றுக்குழாய். கழுவும் தண்ணீர் அதற்குள் சரியாகப் போகாது. எத்தனை முறை குலுக்கினாலும் மருந்து அங்கே தங்கும். இதை நானே தோட்டந்தோட்டமாகப் போய் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

எடுத்ததும் நான். ஜூன் 20 காலை ஏழு மணிக்கு வகுப்பில் யாரும் இல்லை. பிள்ளைகள் கண்ணில் இனி அது படக் கூடாது என்று நினைத்தே எடுத்ததாக என்னிடம் சொல்லிக்கொண்டேன். நான்காகக் கிழித்து, வாசலில் இருந்த நீலத் தொட்டியில், காகிதத்தோடு போட்டேன். சனிக்கிழமை லாரி வந்து எடுத்துப் போயிற்று. அந்த நேரத்திலும் எது எந்தத் தொட்டி என்று என் கை பார்த்துத்தான் போட்டது. இதை எழுதவே கூசுகிறது.

விசாரிக்க வந்தவர்கள் முன்னால் ராஜசேகரன் என்னிடம் கேட்டார். "அட்டை ஏதாச்சும் இருந்திச்சா ஐயா?" பல அட்டைகள் இருந்தன, குறிப்பாக எது என்று நினைவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான் கேட்டார்.

நீங்கள் கேட்ட கடிதம் பற்றி. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் "கழகத்தின் சார்பில் நாங்கள் கலந்து தயாரித்த அட்டை" என்று போட்டால் இருவருக்கும் பாதகம் குறையுமா என்று யோசிக்கிறேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. ஒரு நாளும் என் பெயர் ஒரு புகாரில் வந்ததில்லை. இதைச் சொல்லிக் கேட்பது கோழைத்தனமா என்று தெரியவில்லை. தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

விசுவலிங்கம்

*

தெப்ராவ்
27.7.2025

ஐயா,

நாம் கலந்து தயாரிக்கவில்லை. அன்று பள்ளி விட்ட பிறகு நான் மூன்றாம் வகுப்பு அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அட்டை சுவரில் இருந்தது. ஐயா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று படிக்காமலே தலையாட்டிவிட்டுப் போனேன். அது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். உங்கள் தப்பையும் என் தலையில் பாதி வைக்காதீர்கள்.

என் தாத்தா காலத்தில் தோட்ட அலுவலகத்தில் பேரேடு எழுதும் கிராணி ஐயா எழுதினால் எழுதினதுதான். என் தாத்தாவின் பெயரைத் தப்பாக எழுதினார். அந்தத் தப்பான பெயரோடுதான் அவர் செத்தார். மரணச் சான்றிதழிலும் அதுதான் இருக்கிறது. உங்கள் அப்பா அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தவர் என்று நீங்களே ஒரு நாள் கேன்டீனில் சொன்னீர்கள். நான் அன்று சிரித்தேன். இன்று சிரிப்பு வரவில்லை. அட்டையை எழுதினது நீங்கள். கழுவிக் கொடுத்தது செல்வா அண்ணன். குடித்தது அவர் பிள்ளை. விசாரணைக்குப் போவது நான். உங்கள் வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நானும் சுத்தம் இல்லை. இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், என் அக்காவுக்குக்கூடத் தெரியாது. யஷ்வினி கேனைத் திறந்தபோது சிரப் வாசனைக்கு அடியில் வேறு ஒரு வாடை வந்தது. சோப்புப் போட்டுக் கழுவிய வாடை என்று நினைத்தேன். அந்த நேரம் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். குப்பையே இல்லாத ஒரு நாளை நாம் நடத்திவிட்டோம் என்று எனக்கும் சந்தோஷம். கேட்காமல் விட்டேன். மருந்து ஸ்டோர் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த வாடை எனக்குத் தெரியாமல் இருக்குமா? ராத்திரி படுத்தால் இந்தக் கேள்விதான்.

எனக்கு ஒரு பக்கம் போதும்.

மலர்

*

கோத்தா திங்கி
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மலர் டீச்சருக்கு,

குழுவுக்கு எழுதும் முன் செல்வாவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் குடியிருக்கும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போனேன். பண்டார் தெங்காரா தாண்டிச் செம்மண் பாதையில் திரும்பும் இடத்தில் கால் மணி நேரம் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்.

செல்வா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஐயா இவ்ளோ தூரம் வந்தீங்களே, ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா." யஷ்வினி உள்ளே பாயில் படுத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சற்று ஊதியிருந்தது. உப்பில்லாத கஞ்சிதான் கொடுக்கிறார்களாம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அட்டையைப் பற்றி ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சுவரில் இருந்த அந்த வாசகம் சரியில்லை என்றேன். செல்வா என்னை முடிக்க விடவில்லை. "ஐயா தப்பா எழுதுற ஆளா? அது அந்த டீச்சர் பண்ண வேல. எங்க லயத்துல பொறந்துட்டு, நாலு எழுத்து படிச்சதும் ஐயா சொல்லிக் குடுத்ததயே மாத்தி எழுதியிருக்கு." அவர் மனைவி தேநீர் கொண்டு வந்து வைத்தார். கொதிக்கக் கொதிக்க இருந்தது.

குடித்தேன் டீச்சர். முழுக்கக் குடித்தேன். தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. கிளம்பும்போது செல்வா ஒரு பை மரவள்ளிக்கிழங்கைக் காரில் ஏற்றினார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதை என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறை மூலையில் வைத்திருக்கிறேன்.

அவர் உங்களைச் சொன்ன சொற்களை உங்களுக்கு எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. எழுதாமல் விட்டால் நான் இன்னும் ஒன்றை மறைத்தவன் ஆவேன்.

குழுவுக்குக் கண்டிப்பாக எழுதுகிறேன்.

விசுவலிங்கம்

*

தெப்ராவ்
9.8.2025

ஐயா,

என் அம்மா காதில் அது தினமும் விழுகிறது. அதனால் எனக்குப் புதிதில்லை.

செல்வா அண்ணனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மனசாட்சிக்கு இப்போது எனக்கு நேரம் இல்லை. 15ஆம் தேதி. ஒரு பக்கம். எழுதியது நான், எடுத்தது நான், கையெழுத்து, அடையாள அட்டை எண். வேறெதுவும் வேண்டாம்.

மலர்

*

கோத்தா திங்கி
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மலர் டீச்சருக்கு,

அனுப்பிவிட்டேன். இன்று காலை, தபாலில் நம்பிக்கையில்லாமல், நானே ஜொகூர் பாருவுக்குப் பேருந்தில் போய் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். பதினொன்று இருபதுக்கு. இரண்டு மாதத்தில் இன்றுதான் மூச்சு சீராக வருகிறது.

ஒரு பக்கம் கேட்டீர்கள். எழுதிப் பார்த்தேன். வெறும் இரண்டு வரியாக நின்றது. யார் வேண்டுமானாலும் யாருக்காகவும் எழுதிக் கொடுக்கக்கூடிய இரண்டு வரி. ஆதாரம் இல்லாத அறிக்கையை நான் வேலையில் இருந்த காலத்தில் என் மேசையில் ஏற்றுக்கொண்டதே இல்லை. அட்டையைத்தான் நான் அழித்துவிட்டேனே, வேறு என்ன ஆதாரம் இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்போதுதான் நம் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. ஜூலை 21இல் நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். தேதியோடு, கையெழுத்தோடு. நான் அனுப்பும் எல்லாவற்றுக்கும் கார்பன் நகல் வைத்துக்கொள்வேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே அறிக்கை நான்கு பக்கம். அதன் பின்னால் இணைப்புகள். என் கடிதங்களை மட்டும் வைத்தால் பாதியை மறைத்ததாகும். கேள்வி இல்லாமல் பதில் புரியாது. உங்கள் மூன்று கடிதங்களையும் சேர்த்து, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டேன். குழுவில் தமிழ் தெரியாதவர்கள் இருப்பார்கள் என்பதால், எல்லாவற்றையும் நானே மலாயில் பெயர்த்து எழுதினேன். ஒரு சொல்கூட விடவில்லை. மொத்தம் முப்பத்தொரு பக்கம். கடைசியாக எண்பத்து எட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி வழக்குக்கு இவ்வளவு எழுதினேன்.

நான் மறைத்ததற்கெல்லாம் இது ஈடாகாது. ஆனால் இனி மறைக்க ஒன்றும் இல்லை.

அன்புடன்,
விசுவலிங்கம்

*

தெப்ராவ்
10.9.2025

விசுவலிங்கம் அவர்களுக்கு,

முடிவு நேற்று வந்தது. பணிநீக்கம். பதினேழு வருடம். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது. வழக்கறிஞர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

விசாரணை எப்படி நடந்தது என்று உங்களுக்கு வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குப் பிடிக்கும்.

முதலில் உங்கள் அறிக்கையைப் படித்தார்கள். தலைவராக இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவ்வளவு நேர்மையான மனிதரைத் தான் பார்த்ததில்லை என்றார். ராஜசேகரன் சாரைக் கேட்டார்கள். "ஐயா அந்த மாதிரி மனுஷர்தான். யாராவது அழுதா பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்குவாரு. அன்னிக்கு என்கிட்ட அட்டையப் பத்தி ஞாபகம் இல்லேன்னுதான் சொன்னாரு" என்றார். அது பொய் இல்லை. நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள்.

பிறகு இணைப்புகள். இந்தக் கடிதத்தை வாங்க நீங்கள் எத்தனை முறை எழுதினீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். மூன்று முறை என்றேன். எழுபத்து நான்கு வயதுப் பெரியவருக்குத் தேதி குறித்துக் கெடு வைத்தீர்களா? ஆம் என்றேன். என்னவெல்லாம் எழுத வேண்டும் என்றும் நீங்களே சொல்லிக் கொடுத்தீர்களா? ஆம். அவருடைய தகப்பனார் தொழிலைச் சொல்லிக் குத்திக் காட்டினீர்களா? ஆம்.

கடைசியாக நான்காவது இணைப்பு. நீங்கள் பெயர்த்த மலாய் நன்றாக இருந்தது. தலைவர் அம்மா அதை இரண்டு முறை வாசித்தார். மருந்து ஸ்டோர் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள் நான், அந்த வாடை எனக்குத் தெரியாமல் இருக்குமா. இதை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார். ஆம் என்றேன். அதற்குப் பிறகு யாரும் அட்டையைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாடையை நான் உங்களிடம் மட்டும் சொன்னேன். "உங்களிடம் மட்டும்" என்பதையும் பெயர்த்திருந்தீர்கள்.

நீங்கள் இதை வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் உங்களை வெறுத்துவிட்டு நான் தூங்கியிருப்பேன்.

ஒரு வேலை மட்டும் சொல்கிறேன். அந்த லயங்களில் இன்னும் கேன்கள் இருக்கின்றன. எனக்குப் போக அனுமதி இல்லை. போனாலும் என்னை உள்ளே விட மாட்டார்கள். உங்களை விடுவார்கள். வீடு வீடாகப் போய் எல்லாவற்றிலும் ஓட்டை போடுங்கள்.

பதில் எழுத வேண்டாம்.

மலர்

*

கோத்தா திங்கி
28 செப்டம்பர் 2025

மலர் டீச்சருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டியிருப்பதால் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு என் எழுத்தை நீங்கள் இனிப் பார்க்க வேண்டாம்.

நேற்றும் முந்தைய சனிக்கிழமையும் போனேன். பதினெட்டு வீடு. திருப்புளியும் சுத்தியலும் கொண்டு போனேன். கேன்கள் இருபத்தேழு. சிலவற்றில் குளிக்கிற தண்ணீர், இரண்டில் குடிக்கிற தண்ணீர், ஒன்றில் அரிசி. கடைசி வரிசையில் கிருஷ்ணம்மா என்ற அம்மையார் தன் கேனைக் கொடுக்கவில்லை. "பைப்பு வாரத்துல மூணு நாளு நிக்குது. இதயும் ஓட்ட போட்டுட்டா எதுல புடிச்சு வைக்கிறது? உங்க சட்டத்துலயா?" என்றார். மற்ற வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். கழுவி, உலர்த்தி, மறுபடி பயன்படுத்து என்று அவர்கள் பிள்ளைகளுக்கு நான் நான்கு மாதம் பாடம் எடுத்திருக்கிறேன். அவர்கள் அதை வேறு வழியில்லாமல் பல ஆண்டாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை ஒரு நாளும் கேட்டதில்லை. நேற்று இரண்டு வாளி கொண்டு போய்க் கொடுத்த பிறகுதான் கிருஷ்ணம்மா கேனைத் தந்தார்.

செல்வா வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். பயத்தால்தான்.

நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. "செல்வா, ஸ்கூல் செவத்துல இருந்தத எழுதுனது நான். மறுநாள் கிழிச்சுப் போட்டதும் நான். மலர் டீச்சர் இல்ல" என்றேன். அவர் சிரித்தார். ராஜசேகரன் அவரிடமும் சொல்லியிருக்கிறார். "தெரியும்யா. டீச்சருக்காக நீங்க எழுதிக் குடுத்தீங்களாமே. அது உங்க நல்ல மனசு."

அந்த நேரத்தில் நான் திரும்பிப் போயிருக்கலாம். சொல்லிவிட்டேன், அவர் நம்பவில்லை, என் கடமை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து தேதி போட்டு எழுதியிருக்கலாம். கால் திரும்பத்தான் பார்த்தது.

யஷ்வினி வாசற்படிக்கு வந்து நின்றிருந்தாள். இப்போது கொஞ்சம் நடக்கிறாள். அவள் சொன்னாள். "தாத்தாதான்பா எழுதுனாரு. டீச்சர் இல்ல. நான்தான் டேப் வெட்டிக் குடுத்தேன்."

செல்வா அவளைப் பார்த்தார். "ஏன் இவ்ளோ நாளா சொல்லல?"

"யாரும் கேக்கல."

உண்மைதான். நான் ஒட்டிய அன்று பள்ளி விட்டிருந்தது. அவள் மட்டும் பேருந்துக்காகக் காத்திருந்தாள். இதை நான் மறந்துபோகவில்லை டீச்சர். முப்பத்தொரு பக்கத்தில் சேர்க்கவும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளையை இதில் இழுக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் சாட்சி என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதைத்தான் விட்டேன்.

செல்வா, நான் ஓட்டை போட்டு வைத்திருந்த கேன் ஒன்றை எடுத்து, கைப்பிடியை முகர்ந்து பார்த்தார். கீழே வைத்தார். பிறகு, "அன்னிக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போனியே" என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. அவர் மனைவி நாற்காலியை எடுத்து உள்ளே கொண்டு போனார்.

உங்கள் எண்ணைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது என்றும், பிள்ளையை அழைத்துக்கொண்டு அவர் போய்ச் சொன்னால் எடுபடலாம் என்றும் சொன்னேன். நானும் கூட வருகிறேன் என்றேன். "நீ வராத" என்றார்.

அவர் அழைப்பார். புதிய எண் என்று எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். உங்கள் அம்மாவைப் பற்றித்தான் முதலில் பேசுவார் என்று நினைக்கிறேன். நான் கார் ஏறும்போது அவர் உங்கள் அம்மா வீட்டுப் பக்கமாகத்தான் நடந்துகொண்டிருந்தார். கதவு திறந்ததா என்று பார்க்க நான் நிற்கவில்லை.

விசுவலிங்கம்